இதுல உனக்கு எவ்வளவு?

போன வாரம் ஒரு வாட்ஸ்ஆப் செய்தி வந்தது. 'மச்சி, எப்படிடா இருக்கே?'

அனுப்பியவன் காலேஜில் எனக்கு முன் பெஞ்ச். ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவன் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அவனும் கூப்பிடவில்லை. அப்படிப்பட்டவன் திடீரென்று நலம் விசாரித்தால் மனசு நெகிழத்தானே செய்யும்? நெகிழ்ந்தேன். வீடு, வேலை, முடி கொட்டுவது, அம்மாவின் முட்டிவலி என்று நாலு பத்தி எழுதி அனுப்பினேன்.

பதில் வந்தது. 'சூப்பர்டா. இந்த ஆப்பை இறக்கி என் கோடு போடு. உனக்கு நூறு, எனக்கு நூறு.'

ஒரு தடவை நெகிழ்ந்துவிட்டால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லவும்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காரணம், இந்த கேஸில் அடியேனே பழைய குற்றவாளி. 2018-ல் என் தலை அஞ்சு பேரைத் தேடி அலைந்தது. ஒரு ஸ்டீரிங்குக்காக!

சொல்கிறேன்.

அப்போது ஒரு கம்பெனி, டி.வி.யில் மாட்டி இன்டர்நெட் வழியாக கேம் விளையாடும் பெட்டி ஒன்றை இறக்கியிருந்தது. பெயர் வேண்டாம். போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றித் தப்பாகப் பேசக்கூடாது. விலை 7,999 ரூபாய். (அந்த ஒரு ரூபாய் குறைச்சலில்தான் உலக வியாபாரமே நடக்கிறது.) எனக்கு வயசு இருபத்தாறு, கல்யாணம் ஆகவில்லை, சம்பளம் ஒண்ணாம் தேதி வந்து எட்டாம் தேதி போய்க்கொண்டிருந்தது. வாங்கிவிட்டேன்.

ஒரு மாசம் கழித்து கம்பெனியிலிருந்து மெயில். 'உங்கள் கோடு போட்டு நண்பர் வாங்கினால் உங்களுக்கு 500 பாயிண்ட், அவருக்கு ஒரு கேம் இலவசம். அஞ்சு நண்பர்களைச் சேர்த்தால் கார் ரேஸ் ஓட்ட ஒரு ஸ்டீரிங் வீல்!'

சொந்தமாக சைக்கிள்கூட இல்லாதவனுக்கு ஸ்டீரிங் என்றால் சும்மாவா? கிளம்பிவிட்டேன். முதல் பலி, மச்சான். அக்கா புருஷன் என்பதால் மறுக்க முடியவில்லை. இரண்டாவது, ரூம்மேட். வாடகை பாக்கி வைத்திருந்ததால் அவனாலும் மறுக்க முடியவில்லை.

மூன்றாவது, ஆபீஸில் பக்கத்து சீட் அண்ணன்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன். என்னைவிடப் பதினஞ்சு வயசு மூத்தவர். டிபன் பாக்ஸைத் திறந்தால் பாதி எனக்கு. வேலையில் மட்டும் எமன். நாற்பது ரூபாய் ஆட்டோ வவுச்சராக இருந்தாலும் முன்னால் பார்ப்பார், பின்னால் பார்ப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அப்புறம்தான் கையெழுத்து.

அவர் ஒருநாள் கேட்டார். "தம்பி, பையன் டி.வி.ல விளையாட ஏதோ வேணுங்கறான். எட்டாவது படிக்கிறான், எல்லார் வீட்லயும் இருக்காம். நீ ஒண்ணு வாங்கினியே, அது நல்லாருக்கா?"

உண்மை நிலவரம் இதுதான்: படம் அடிக்கடி உறைந்து நிற்கும். மொத்தம் பத்தொன்பது கேம். அதில் பன்னிரண்டை எதிரிக்குக்கூடக் கொடுக்க மாட்டோம். புதுசாக வரும் வரும் என்ற கேம்கள் வரவே இல்லை. நான் சொன்னது என்ன?

"சூப்பர்ண்ணே! கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க."

அதில் 'கண்ணை மூடிக்கிட்டு' என்பது மட்டும் நிஜம். திறந்து பார்த்திருந்தால் வாங்கியிருக்க மாட்டார். நாற்பது ரூபாய் வவுச்சரை மூணு தடவை பார்க்கிற மனுஷன், என் வார்த்தையை ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. தீபாவளி போனஸிலிருந்து எடுத்து வாங்கினார்.

பதினோரு மாசத்தில் கம்பெனி கடையை மூடியது. 'இந்தப் பயணத்தில் எங்களோடு வந்ததற்கு நன்றி' என்று மெயில். சர்வர் நின்றதும் பெட்டி வெறும் பெட்டி ஆனது. இரண்டு பேரைச் சேர்க்க முடியாததால் ஸ்டீரிங்கும் வரவில்லை. என் 1,500 பாயிண்ட்? அதை அந்தக் கடையில்தான் செலவழிக்க முடியும். கடையே இல்லை!

*

பி.காம். படித்தவன் ஏமாந்தால் அழ மாட்டான். கணக்குப் பார்ப்பான். 'என்னைப் போல எத்தனை பேர்?' என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தேடியதில் ஜப்பான் வரை போய்விட்டேன்.

நின்டெண்டோ தெரியுமல்லவா? 1889-ல் சீட்டுக்கட்டு தயாரித்துக் கடை திறந்து, பிற்பாடு மரியோவைப் பெற்ற கம்பெனி. 2006-ல் இவர்கள் 'வீ' என்று ஒரு கேம் பெட்டி விட்டார்கள். ரிமோட்டைக் கையில் பிடித்து வீசினால் டி.வி.யில் டென்னிஸ் பந்து பறக்கும். தாத்தா பாட்டியெல்லாம் சோபாவை நகர்த்திவிட்டு விளையாடினார்கள். உலகம் பூரா 10 கோடியே 16 லட்சம் பெட்டி விற்றது.

இந்தத் தெம்பில் 2012 நவம்பரில் அடுத்ததை இறக்கினார்கள். அதற்கு வைத்த பெயர்தான் வினை. 'வீ யூ'. பழைய 'வீ'க்குப் பின்னால் ஒரே ஒரு எழுத்து. கையில் பிடிக்க ஸ்கிரீன் வைத்த ஒரு பலகை. 'ஓஹோ, நம்ம பழைய பெட்டிக்கு மாட்ட ஏதோ புதுசா பலகை விட்டிருக்கான் போல' என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டார்கள். புதுப் பெட்டி என்றே தெரியவில்லை!

2013 ஏப்ரல் முதல் ஜூன் வரை மூணு மாசத்தில், உலகம் முழுக்க விற்றது 1 லட்சத்து 60 ஆயிரம்தான். அந்த நிதி ஆண்டுக்கு 90 லட்சம் விற்போம் என்று சொல்லியிருந்தவர்கள், 2014 ஜனவரியில் அதை 28 லட்சமாகக் குறைத்தார்கள். தலைவர் சடோரு இவாட்டா அஞ்சு மாசத்துக்குத் தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார். (நம்ம ஆபீஸ்களில் விற்பனை குறைந்தால் யார் சம்பளம் குறையும் என்று உங்களுக்கே தெரியும்.)

விற்காத பெட்டிக்கு வைத்தியம் பார்க்கும்போது கையில் எடுத்த மருந்துகளில் ஒன்று, நம்ம விஷயம். ஐரோப்பாவில் வீ யூ வைத்திருந்தவர்களை 'அம்பாசடர்' ஆக்கினார்கள். நண்பரை வாங்க வைத்தால் உங்களுக்கு ஒரு கேம் இலவசம், நண்பருக்கும் ஒன்று இலவசம்.

அம்பாசடர் என்றதும் நமக்குக் கார்தான் ஞாபகம் வரும். இவர்கள் சொன்னது தூதர். சம்பளம் இல்லாத தூதர்.

இதில் என் பி.காம். மூளைக்கு ஒரு விஷயம் பிடித்திருந்தது. வீ யூ வந்தபோது அதை அடக்க விலைக்கும் கீழேதான் விற்கிறோம் என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் அதன் தலைவராக இருந்த ரெஜி பில்ஸ்-எய்மே அப்போது சொன்ன கணக்கு: பெட்டி வாங்கியவர் ஒரே ஒரு கேம் வாங்கினால் போதும், மொத்த வியாபாரமும் லாபத்துக்கு வந்துவிடும். சரி, அந்த ஒரு கேமைத்தான் இங்கே சும்மா கொடுக்கிறார்கள்! அதுவும் இரண்டு பேருக்கு!

சிரிக்க வேண்டாம். அவர்கள் முட்டாள்கள் இல்லை. டவுன்லோடு செய்கிற கேமில் இன்னொரு பிரதி போடக் கிட்டத்தட்டச் செலவே கிடையாது. டி.வி. விளம்பரத்துக்கு முதலில் பணம் கட்ட வேண்டும், சரக்கு விற்றாலும் விற்காவிட்டாலும் போனது போனதுதான். சிபாரிசுப் பரிசு அப்படி இல்லை. பெட்டி விற்ற பிறகுதான் கொடுக்க வேண்டும். விற்காவிட்டால் நயா பைசா செலவில்லை. போதாக்குறைக்கு கேம் பெட்டிக்கு ஒரு நோய் உண்டு. நிறையப் பேர் வாங்கினால்தான் கேம் தயாரிப்பவன் வருவான். கேம் இருந்தால்தான் ஜனங்கள் வாங்குவார்கள். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதை. எப்படியாவது தலை எண்ணிக்கையைக் கூட்டு என்று ஓடுவது இதனால்தான்.

ஆனால் கணக்கில் ஒரு ஓட்டை. சிபாரிசு யார் செய்வார்? ஏற்கெனவே வாங்கியவர். பெட்டியே விற்கவில்லை என்றால் வாங்கியவர் கொஞ்சம் பேர்தான். அதில் சந்தோஷமாக இருப்பவர் இன்னும் கொஞ்சம். விற்கிற சரக்குக்குச் சிபாரிசு செய்ய ஊரே இருக்கும். விற்காத சரக்குக்கு ஆளைத் தேடவே ஒரு விளம்பரம் கொடுக்க வேண்டும்.

கடைசியில் வீ யூ மொத்தமே 1 கோடியே 35 லட்சத்துச் சொச்சம் விற்று, 2017 தொடக்கத்தில் தயாரிப்பு நின்றது. அதே வருடம் மார்ச்சில் 'ஸ்விட்ச்' வந்தது. வீட்டில் டி.வி.யிலும் ஆடலாம், கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸிலும் ஆடலாம். பார்த்தவுடன் என்ன என்று புரிந்தது. 15 கோடிக்கு மேல் விற்றுத் தீர்த்தது. கம்பெனி அதே கம்பெனி. மரியோ அதே மரியோ. மாறியது பெட்டி.

*

இதே நின்டெண்டோ இதற்கு முன்னாலும் ஒருதரம் 'அம்பாசடர்' என்ற வார்த்தையை உபயோகித்திருக்கிறது. அந்தக் கதை வேறு மாதிரி.

2011-ல் '3டி.எஸ்.' என்ற கையடக்கக் கருவி வந்தது. கண்ணாடி போடாமலே முப்பரிமாணம். அமெரிக்காவில் 250 டாலர், ஜப்பானில் 25,000 யென். விற்பனை மந்தம். ஆறு மாசத்துக்குள், ஆகஸ்டில், 170 டாலர், 15,000 யென் என்று ஒரே வெட்டு!

முதல் வாரமே கியூவில் நின்று வாங்கியவன் வயிறு எரியுமா எரியாதா? அந்த ஆரம்ப ஆட்களுக்குத்தான் 'அம்பாசடர்' பட்டம். 20 பழைய கேம்கள் இலவசம். பதிலுக்கு என்ன செய்ய வேண்டும்? ஒன்றுமே இல்லை. யாரையும் சேர்க்க வேண்டாம், கோடு அனுப்ப வேண்டாம். 'எங்களை நம்பி முதலில் வந்தீர்கள், நஷ்டப்பட்டீர்கள், இந்தாருங்கள்.' அவ்வளவுதான்.

அந்த வருடக் கடைசியில் மரியோ கேம் வந்தது, மரியோ கார்ட் வந்தது. விலையும் சரி, கேமும் சரி. 3டி.எஸ். மொத்தம் 7 கோடியே 59 லட்சம் விற்றது. அதைக் காப்பாற்றியது அந்த 20 கேம் என்று நான் சொல்ல வரவில்லை. விலையும் கேமும்தான் காப்பாற்றின. ஆனால் இலவசம் வாங்கியவன் நண்பனிடம் அதைப் பற்றிப் பேசியிருப்பான் அல்லவா? அந்தப் பேச்சுக்குக் கூலி கிடையாது. அதனால்தான் அதற்கு மதிப்பு.

இன்னொரு கேஸ், கூகுள். 2019 நவம்பரில் 'ஸ்டேடியா' என்று, பெட்டியே தேவைப்படாமல் இன்டர்நெட்டில் ஆடும் சங்கதியை ஆரம்பித்தார்கள். நம்ம நாட்டுப் பக்கம் வரவில்லை. முதல் பேட்ச் ஆட்களுக்கு 130 டாலர் பாக்கெட். கன்ட்ரோலர் எல்லாம் போட்டு, கூடவே ஒரு 'பட்டி பாஸ்'. அதாவது, நண்பன் ஒருத்தனுக்கு மூணு மாசச் சந்தா இலவசம், உன் கையாலேயே கொடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நண்பன் வந்தான், ஆடினான். நின்றானா? 2022 செப்டம்பரில் மூடுகிறோம் என்று அறிவித்து, 2023 ஜனவரி 18-ல் மூடிவிட்டார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். தங்களிடம் வாங்கிய கருவிக்கும் கேமுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மாதச் சந்தா மட்டும் வரவில்லை. கன்ட்ரோலரையும் ப்ளூடூத்தில் வேறு எதற்காவது உபயோகிக்கும்படி திறந்துவிட்டார்கள். நண்பனை இழுத்துவிட்டவன் மறுபடி அவன் முகத்தில் முழிக்க முடிந்திருக்கும்.

சிபாரிசுக்குப் பரிசு கொடுப்பதே பாவம் என்று சொல்ல வரவில்லை. பேபால் ஆரம்ப நாளில் புதுசாகச் சேர்பவருக்கும் சேர்த்துவிட்டவருக்கும் டாலராகவே கொடுத்தது. வளர்ந்தது. ஏனென்றால் பணம் அனுப்ப எதிராளிக்கும் கணக்கு வேண்டும். நண்பன் சேர்ந்தால் எனக்கும் லாபம், அவனுக்கும் லாபம். சரக்கு நன்றாக இருந்தால் பரிசு ஒரு சின்னத் தள்ளு. வண்டி ஏற்கெனவே ஓடுகிறது. இன்ஜினே இல்லாத வண்டியைத் தள்ளச் சொல்லி நம்மைக் கூப்பிடும்போதுதான் தகராறு. தள்ளியவனும் மூச்சுவாங்குவான், உள்ளே உட்கார்ந்தவனும் ஊர் போய்ச் சேர மாட்டான்.

*

காலேஜில் 'குட்வில்' என்று ஒரு பாடம். வியாபாரத்தின் நற்பெயர். மூணு வருட சராசரி லாபத்தை எடு, இரண்டால் பெருக்கு என்று கணக்குப் போட்டுக் கழுத்தை அறுப்பார்கள். அதில் ஒரு விதி எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. காசு கொடுத்து இன்னொருத்தரிடம் வாங்கிய குட்வில்லைத்தான் சொத்தாகக் காட்டலாம். நாமே வருஷக்கணக்கில் வளர்த்த குட்வில்லை பேலன்ஸ் ஷீட்டில் காட்டக்கூடாது. அதற்குச் செலவு என்ன ஆயிற்று என்று நிரூபிக்க முடியாதாம்.

அண்ணன் விஷயத்தில்தான் புரிந்தது. அவர் டிபன் பாக்ஸில் பாதி, நான் அவருக்காக வங்கிக்கு ஓடிய ஓட்டம், மாசக் கடைசியில் சேர்ந்து கண்முழித்த ராத்திரிகள்... இதெல்லாம் சேர்ந்துதான் அந்த 'கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க'வுக்கு மதிப்பு. எந்த ஏட்டிலும் ஏறாத சொத்து. அதை நான் 500 பாயிண்டுக்கு விற்றேன். வாங்கிய கம்பெனி போய்விட்டது. விற்ற நான் அதே சீட்டில், அவர் பக்கத்தில்.

அவருக்கு எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? மூடும் முன் எல்லோருடைய கணக்கு விவரத்தையும் கம்பெனி அனுப்பியது. நேர்மையான கம்பெனி! அண்ணன் பையன் திறந்து பார்த்திருக்கிறான். 'உங்களைச் சேர்த்தவர்' என்று என் பெயர். 'அவர் பெற்றது: 500 பாயிண்ட்.'

மறுநாள் மத்தியானம் வழக்கம்போல டிபன் பாக்ஸ் திறந்தது. வழக்கம்போல பாதி தயிர்சாதம் என் தட்டுக்கு வந்தது. ஊறுகாயை வைத்தபடி கேட்டார்.

"ஐநூறு ரூபாய்க்கா தம்பி?"

நான் தலையைத் தூக்கவில்லை.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே..."

திட்டியிருக்கலாம். திட்டினால் தயிர்சாதம் இறங்கியிருக்கும்.

எட்டாயிரத்தை இரண்டு தவணையில் தருகிறேன் என்றேன். "போடா" என்றுவிட்டார். ரொம்பக் கெஞ்சியதும், "பையனுக்கு ஒரு கேரம் போர்டு வாங்கிக் குடு. கரண்டும் வேணாம், சர்வரும் வேணாம்" என்றார். வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போனேன். பையன் என்னை மூணு ஆட்டம் தோற்கடித்தான். நான் ரெட்டைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் ஒன்று. அன்றைக்கப்புறம் நான் எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து ஒரே கேள்வி. பல் டாக்டர் சொன்னால், "இதுல உனக்கு எவ்வளவு?" புது மெஸ் சொன்னால், "இதுல உனக்கு எவ்வளவு?" சிரித்துக்கொண்டுதான் கேட்பார். செக்‌ஷன் முழுக்கப் பரவி, ப்யூன்கூடக் கேட்க ஆரம்பித்தார். மழை வரும்போல இருக்கு, குடை எடுத்துக்கிட்டுப் போங்க என்று சொன்னால், "குடைக் கம்பெனில எவ்வளவு சார்?"

நாலு வருஷம் ஓடியது. 2023-ல் பையன் காலேஜ் சேர்ந்தான். ஒரு சாயங்காலம் அண்ணன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "தம்பி, அவனுக்கு லேப்டாப் வாங்கணும். எது நல்லாருக்கும்?"

ராத்திரி உட்கார்ந்து மூணு மாடல் பார்த்தேன். மறுநாள் பேப்பரில் எழுதி நீட்டினேன். நல்லது நாலு வரி, கெட்டது பதினோரு வரி. இதில் பேட்டரி நிக்காது, இதில் சூடாகும், இது கனம், பையன் தோள் வலிக்கும். மூன்றாவது பரவாயில்லை, ஆனால் சர்வீஸுக்கு அலையணும்.

முன்னால் பார்த்தார். பின்னால் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதுல உனக்கு எவ்வளவு?"

"ஒண்ணுமில்லண்ணே."

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். "சரி, மூணாவதே வாங்கிடலாம்" என்று பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதைவிடப் பெரிய ஸ்டீரிங் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

முன் பெஞ்ச் நண்பனுக்கு என்ன பதில் போட்டாய் என்கிறீர்களா? 'கோடு இருக்கட்டும்டா. அந்த ஆப்பை நீ யூஸ் பண்றியா? அதை மட்டும் சொல்லு' என்று அனுப்பினேன்.

நீல டிக் இரண்டு விழுந்து ஒரு வாரம் ஆகிறது. இன்னும் பதில் இல்லை.